விழத் தெரிந்த குழந்தைகளுக்கு மட்டும்

திருவனந்தபுரம் கரமனையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழந்தையின் முன்பல் இரண்டையும் ஒரு லாரி தட்டிவிட்டுப் போனால் கவலையே வேண்டாம். வீட்டில் மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறதல்லவா, செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். குழந்தை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடி, ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் பலமாகப் பட வேண்டும். சேர்த்த பிறகு கட்டிலில் தொடர்ந்து 24 மணி நேரம் கிடக்க வேண்டும். களியிக்காவிளைக்குப் போகிற நெடுஞ்சாலை நம் ஊர் நடுவில்தான் ஓடுகிறது, வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. மனமிருந்தால் மார்க்கமுண்டு.

இனி மற்ற குழந்தைகள். எதன்மீதும் மோதத் துப்பில்லாதவை. பெட்டிக்கடையில் நாரங்கா மிட்டாய் வாங்கித் தின்றது, பேக்கரியில் கேக் தின்றது, ராத்திரி பல் தேய்க்காமல் தூங்கிப்போனது. ஆறு வயதில் கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி. ஏழு வயதில் அது குழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கன்னம் வீங்கி வீடே அலறுகிறது. இந்தக் குழந்தைக்குக் கம்பெனி கால் ரூபாய் தராது. வலி உண்மை, சீழ் உண்மை, காய்ச்சலும் உண்மை. விபத்து மட்டும் இல்லை. விழத் தெரியாத பிள்ளையைப் பெற்றது உங்கள் குற்றம்.

இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை, அச்சடித்தே கொடுக்கிறார்கள். பல் சிகிச்சை என்றால் என்ன என்பதற்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் நிலையான வரையறை ஒன்று எழுதி வைத்திருக்கிறது: பரிசோதனை, குழி அடைத்தல், பல்லுக்கு உறை போடுதல், பிடுங்குதல், அறுவை. ஒன்றும் விட்டுப்போகவில்லை. பல் வைத்தியரே இவ்வளவு கச்சிதமாகச் சொல்ல மாட்டார். பல்லைப் பற்றி இத்தனை அக்கறையா என்று மனம் குளிர்ந்து பக்கத்தைப் புரட்டினால், பெரும்பாலான பாலிசிகளில், இதெல்லாம் எங்கள் பொறுப்பு அல்ல என்ற பட்டியலில் அதே பல் சிகிச்சை நிற்கிறது. வாசலில் நிறுத்த வேண்டியவனின் அங்க அடையாளங்களைக் காவல்காரனிடம் துல்லியமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

24 மணி நேரத்துக்கு விலக்கு உண்டு என்பார்கள். தொழில்நுட்பம் வளர்ந்ததால் ஒரே நாளில் முடிந்துவிடுகிற அறுவைகளுக்கு அது. கண்புரைக்காரர் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிறார், அவருக்குப் பணம் உண்டு. பல்லுக்கும் அப்படியே என்று நினைத்தால், வழக்கமாகப் புறநோயாளியாகச் செய்துகொள்ளும் சிகிச்சை இதில் சேராது என்று அடுத்த வரி வந்து நிற்கும். பல் நாற்காலியில் உட்காருகிறவன் உலகம் முழுவதும் புறநோயாளிதான். சொத்தைப் பல்லோடு போய்க் கட்டில் கேட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் சிரிப்பார்கள்.

2020 ஏப்ரலில் ‘ஆரோக்ய சஞ்சீவனி’ வந்தது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே நிபந்தனைகளோடு விற்க வேண்டிய பொதுப் பாலிசி. அதில் நோயினாலோ காயத்தினாலோ தேவைப்படும் பல் சிகிச்சை உண்டு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. நோயினாலோ! விபத்து வேண்டாம், சொத்தைப் பல்லும் உள்ளே வரலாம். படித்ததும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த வரி நிற்கிற இடம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் செலவு என்ற தலைப்பின் கீழே. ஆகவே சொத்தைப் பல்லுக்கு முதலில் ஒரு வார்டு பிடிக்க வேண்டும். குழந்தைக்குக் கட்டில், அம்மாவுக்குப் பைஸ்டாண்டர் பாஸ், காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் பல் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிப்பு. இவ்வளவையும் ஏற்பாடு செய்துவிட்டால் நூற்றுக்கு ஐந்து போக மீதி கிடைக்கும். அந்த ஐந்தை நம் பங்காகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். நாமும் பொறுப்போடு இருக்க வேண்டுமல்லவா?

அக்ரஹாரத் தெரு வீடு ஒன்றில் ஒரு மாமிக்கும் அவர் கண்முன் வளர்ந்து ஏஜென்டான பையனுக்கும் நடக்கக்கூடிய பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“மாமி, ஒரே பிரீமியம், வீட்ல நாலு பேருக்கும் கவர்.”

“கொழந்தைக்குப் பல்லு வலிச்சா?”

“பல்லு உண்டு மாமி. ஆக்ஸிடென்ட்னா உண்டு.”

“ஆக்ஸிடென்ட் இல்லேடா. சொத்தை.”

“சொத்தையும் பாக்கலாம் மாமி, அட்மிட் ஆனா.”

“சொத்தைப் பல்லுக்கு யாருடா அட்மிட் பண்ணிப்பா?”

“யாரும் பண்ணிக்க மாட்டா மாமி. அதனாலதானே இவ்வளவு கொறைச்ச பிரீமியத்துக்குத் தர முடியறது!”

பையனை வையாதீர்கள். அவனுடைய தொழிலில் இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர்கள் குறைவு. வைதுவிட்டால், அடுத்து அவன் பையிலிருந்து எடுக்கும் காகிதத்தைப் பார்க்க முடியாது. அதுதான் கூடுதல் கவர். புறநோயாளிச் செலவுக்குத் தனி இணைப்பு, பல்லும் உண்டு. நம் பெற்றோர்களில் நாலு காசு கையில் நிற்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒன்றில், ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. அதற்காகக் கூடுதலாகக் கட்டும் பிரீமியத்தை எடுத்து அருகில் வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். இன்னொன்றில், வலைப்பின்னலில் உள்ள கிளினிக்கில் பார்ப்பது இலவசம், பல்லில் கறை எடுப்பது இலவசம்; அடைப்பதற்குத் தள்ளுபடி. மூன்றாவதில், விடாமல் மூன்று ஆண்டு கட்டி வந்தால் பல் செலவுக்கு ஒரு சிறு தொகை. பால்பல் விழத் தொடங்குவது ஆறு வயதில், பன்னிரண்டுக்குள் இருபதும் போய்விடும். மூன்று ஆண்டு காத்தால் சொத்தைப் பல் தானாகவே விழுந்து, கிளெய்ம் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். இதைவிடச் சுமுகமான தீர்வை எந்த வைத்தியர் தந்திருக்கிறார்?

ஆனால் எல்லாப் பல்லும் விழுவதில்லை. ஆறு வயதில், ஒரு பால்பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. அது ஆயுசுக்கும் உள்ள பல். அதையும் பால்பல் என்றே பாதிப் பேர் நினைக்கிறார்கள். ‘எப்படியும் விழப்போறதுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பல்லின் பள்ளங்களை அப்போதே மூடிவிட ஒரு பூச்சு இருக்கிறது. ஊசி கிடையாது, துளைப்பது கிடையாது, சில நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் விட்டால் பதினைந்து வயதில் வேர் சிகிச்சை. அந்தப் பூச்சு எந்தக் குழந்தைக்கும் தானாகக் கிடைப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு, அப்படியொன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனிகளைத் திட்டுவது சுலபம், சுகமும்கூட. ஆனால் அவர்கள் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதத்துக்குச் சொத்தை. பன்னிரண்டு வயதில் 53.8. பதினைந்தில் 63.1. பாதிக்கு மேல் வீடுகள் எரிந்துகொண்டிருக்கிற தெருவில் தீ இன்சூரன்ஸ் விற்க எவன் வருவான்? எப்போதாவது, யாருக்காவது வருவதற்குத்தான் இன்சூரன்ஸ். இது எப்போதும், பாதிப் பேருக்கு மேல் வருவது. நேர்மையான பிரீமியம் போட்டால் அது பல் அடைக்கும் கூலியும், ஆபீஸ் வாடகையும், ஏஜென்ட் கமிஷனும் சேர்ந்த தொகையாக இருக்கும். லாபத்துக்குக் கடை வைத்திருப்பவனுக்கு இது புரிகிறது. அதனால்தான் லாரி மோதிய பல்லோடு நிறுத்திக்கொள்கிறான். புரியாதவர்கள், அல்லது புரியாததுபோல் இருப்பவர்கள், வேறு கட்டிடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் தருவதைப் பார்ப்போம். ஏழைக் குடும்பத்துக்குக் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா அட்டை, ஆண்டுக்கு ஐந்து லட்சம். உயிர் காத்த திட்டம். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். தாடை எலும்பு முறிந்தால் அதிலும் வழி உண்டு. மறுபடியும் முறிய வேண்டும்! அரசு ஊழியர்களும் பென்ஷன்காரர்களும் நிறைந்த ஊர் இது. அவர்களுக்கு 2022 ஜூலை முதல் தேதி மெடிசெப் வந்தது. தொடக்கத்தில் மாதம் 500 ரூபாய் பிடித்தம், மூன்று லட்சம் வரை கவர். அதுவும் ஆஸ்பத்திரியில் சேருகிறவர்களுக்கான ஏற்பாடுதான். லட்சக்கணக்கில் உண்டு. ஆறு வயதுக் குழந்தையின் பல்லில் ஒரு மிளகளவு குழியை அடைக்கச் சில நூறு ரூபாய் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. யானையை விழுங்கும் வாய்க்கு எறும்பு தொண்டையில் சிக்குகிறது.

பள்ளியில் பார்க்கிறார்களே என்பீர்கள். பார்க்கிறார்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை முப்பது வகைக் குறைகளைத் தேடுகிற திட்டம், பல் நோயையும் பட்டியலில் வைத்திருக்கிறது. வாயைத் திற என்கிறார்கள், டார்ச் அடிக்கிறார்கள், குழியைக் காண்கிறார்கள், சீட்டு எழுதித் தருகிறார்கள். சீட்டு இலவசம். அதன்பிறகு அந்தச் சீட்டு ஜியோமெட்ரி பெட்டிக்குள் கிடந்து பென்சில் தூள் பூசிக்கொள்கிறது. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1959 முதல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் பல் பிரிவு உண்டு. நல்ல டாக்டர்கள், குறைந்த செலவு. ஆனால் சாலைக் கடையில் மூட்டை தூக்குகிற அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போக வேண்டும், பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போக வேண்டும், கிழக்கேகோட்டையில் பஸ் மாற வேண்டும். வேர் சிகிச்சை என்றால் ஒரு நாளில் முடியாது, இதையே இன்னும் சில முறை செய்ய வேண்டும். அவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். ஃபார்மசிக்குப் போய் வலி மாத்திரை வாங்குவார். குழி காத்திருக்கும்.

அப்படியானால் கேரள அரசு பல்லைப் பற்றிக் கவலைப்படவே இல்லையா? அபாண்டம். ‘மந்தஹாசம்’ என்று அழகான பெயரில் ஒரு திட்டமே நடத்துகிறது. அறுபது வயது தாண்டிய, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, பல்லில்லாதவர்களுக்கு இலவசப் பல்செட். முதியவர்களுக்கு இது வேண்டியதுதான். சோறு மெல்ல முடியாத கிழவியின் வாயில் பல் வைப்பது புண்ணியம், ஒருபோதும் நிறுத்தக் கூடாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: ஆறு வயதில் பல் வலிக்கிற குழந்தைக்கு அரசு தரும் ஆலோசனை என்ன? ஐம்பத்துநாலு ஆண்டு பொறுத்துக்கொள். அதற்குள் எல்லாப் பல்லையும் பறிகொடு. ஏழையாகவே இரு, நடுவில் முன்னேறிவிடாதே. பிறகு வா, சிரிக்க வைக்கிறோம்.

தில்லிக்காரர்கள் பெருந்தன்மையில் சளைத்தவர்களா? 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியைக் குறைத்தார்கள். சாக்லேட்டும் பிஸ்கட்டும் பதினெட்டிலிருந்து ஐந்து சதவீதம். டூத்பேஸ்ட்டும் பிரஷ்ஷும் பதினெட்டிலிருந்து ஐந்து. தனிநபர் மருத்துவ இன்சூரன்ஸ் பதினெட்டிலிருந்து பூஜ்யம். பல்லைக் கெடுப்பதும், பல்லை விளக்குவதும், பல்லைக் கவனிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதும் ஒரே நாளில் மலிவாகிவிட்டன. சொத்தைப் பல் மட்டும் அன்று எந்த அடுக்கிலும் வரவில்லை.

இந்தக் கூத்துக்குப் பெரிய தேசங்களிலும் முன்னோடி உண்டு. 2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் செத்தான். சொத்தைப் பல்லில் சீழ் கட்டி, கிருமி மூளைக்கு ஏறியது. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். குடும்பத்தின் அரசு மருத்துவ உதவி இடையில் அறுந்துபோயிருந்தது. மண்டையைத் திறந்து இரண்டு முறை அறுவை செய்தார்கள், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், இரண்டரை லட்சம் டாலர் வரை ஆனது. பல்லுக்கு இல்லாத பணம் மூளைக்கு வந்தது. நம்முடைய அட்டைகளும் பாலிசிகளும் இதே புத்தியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன: கடைவாயில் இருக்கும்போது எங்களிடம் வராதே, தலைக்கு ஏறிய பிறகு வா. இதைப் படித்துவிட்டு மறுபடியும் ‘புறநோயாளிச் சிகிச்சை இதில் சேராது’ என்ற வரியைப் படிக்க எனக்குக் கை நடுங்குகிறது. எழுதியவர்களுக்கு நடுங்கவில்லை.

பணக்கார ஊர் என்றால் சுவிட்சர்லாந்து. ஈழத்திலிருந்து போன நம்மவர்கள் அங்கே ஏராளம். அங்கேயும் கட்டாய அடிப்படை இன்சூரன்ஸ் சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தராது. அதனால் பிள்ளைகளுக்குத் தனியாகப் பல் இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள், முக்கியமாகக் கோணல் பல்லுக்குக் கம்பி போட. அதை, பல் கோணல் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சொல்லிவிட்டால் கம்பெனி கதவைச் சாத்தலாம். ஆக, பொக்கை வாயோடு சிரிக்கிற கைக்குழந்தையைப் பார்த்து, அம்மா வழித் தாடையா அப்பா வழித் தாடையா என்று ஜோசியம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் ஒன்று. அந்த ஊர்க்காரன் இன்சூரன்ஸை நம்பிச் சொத்தையை விரட்டவில்லை. அறுபதுகளிலிருந்தே சூரிக் பக்கத்துப் பள்ளிகளில் வகுப்புக்குள் ஆள் அனுப்பிப் பிள்ளைகளைப் பல் தேய்க்க வைத்தான். உப்பில் ஃப்ளோரைடு கலந்தான். பள்ளிக் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் பல் சோதனை வைத்தான். சொத்தை பெருமளவு குறைந்த பிறகுதான் கம்பிக்கு இன்சூரன்ஸ் பேசுகிறான்.

அதற்கும் முன்பே ஒருவன் செய்துகாட்டிவிட்டான். 1921இல் நியூசிலாந்தில் இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பல் நர்ஸ் என்று பெயர் வைத்து, பள்ளிகளுக்குள்ளேயே சிகிச்சை அறை போட்டு உட்கார்த்தினார்கள். பிள்ளைகள் அந்த அறைக்குக் ‘கொலைக்கூடம்’ என்று பெயர் வைத்தன. வைக்கட்டும், பல் பிழைத்தது. அதே முறையில் 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்கே வரும் பல் நர்ஸைக் கண்டு மேசைக்கடியில் ஒளிந்த கதையை மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஐம்பதுகளில் இலங்கையில் மஹரகமவிலும் அப்படியே. கடலுக்கு அக்கரையில், போரும் பசியும் கண்ட நாட்டில், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் என்று ஒன்று இருக்கிறது. எழுத்தறிவில் முதலிடம், சுகாதாரத்தில் முதலிடம் என்று மேடைதோறும் மார்தட்டுகிற நம்மிடம் இருப்பது சீட்டு.

ஆளில்லையா? நாட்டில் முந்நூறுக்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள். கரமனையிலிருந்து பாப்பனங்கோடு வரை நடந்தால் போதும், கண்ணில் படும் போர்டுகளில் பல் படம் போட்டவை எத்தனை என்று பாருங்கள். கடன் வாங்கி பி.டி.எஸ். முடித்த பிள்ளைகள் கிளினிக் வைக்கப் பணமில்லாமல் வேறு வேலை தேடுகிறார்கள். அவர்களில் சிலரை எடுத்துக்கொள்வது யார் தெரியுமா? இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் அலுவலகங்கள். ஐந்து ஆண்டு படித்து, சொத்தைப் பல்லை அடைக்கக் கற்றுக்கொண்ட பெண், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சொத்தைப் பல்லுக்குப் பணம் கிடையாது என்று டைப் செய்கிறாள். கை இருக்கிறது, படிப்பு இருக்கிறது, குழி இருக்கிறது. மூன்றையும் ஒரே அறையில் சேர்ப்பதற்குத்தான் அரசாங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பாலிசி தேர்ந்தெடுக்கக் குழம்பி நிற்கும் பெற்றோருக்கு என் சிபாரிசு: குடும்பத்துக்கான மருத்துவப் பாலிசியை எடுங்கள், மாரடைப்புக்கும் டெங்குவுக்கும் அது வேண்டும். பல்லுக்கென்று தனியாக நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பணத்தைத் தபாலாபீசில் ஆர்.டி. போடுங்கள், அங்கே பணம் கேட்டால், குழந்தை எப்படி விழுந்தது என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். குழந்தைக்கு ஆறு வயது ஆனதும் ஒரு பல் டாக்டரிடம் காட்டி அந்தப் பூச்சைக் கேளுங்கள். இது ஆர்.டி. போட முடிந்தவர்களுக்குச் சொல்வது. முடியாதவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதற்குத்தான் பள்ளிக்குள் ஒரு நாற்காலி வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு கம்ப்ரஸர், வாரத்தில் இரண்டு நாள் ஒரு பி.டி.எஸ். பெண். நாலைந்து பள்ளிக்குச் சேர்த்து ஒன்று இருந்தாலும் போதும்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கி, லேப்டாப்பும் ப்ரொஜக்டரும் கொண்டுபோய் மாட்டிய மாநிலம் இது. அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அவ்வளவு கம்பி இழுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நாற்காலிக்கு பிளக் பாயின்ட் வைக்கத் தெரியாதா? அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நல்ல விஷயம், உடனே செய்யலாம் என்பார்கள். பல் தேய்ப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு ஓர் அவேர்னஸ் கிளாஸ். ப்ரொஜக்டரில்.